வலப்பக்கத் தகடு

இந்தப் பத்து வருஷத்தில் நானூறுக்கு மேற்பட்ட டாங்கிகளை நான் நிராகரித்திருக்கிறேன். ஒருவர் சினிமா போஸ்டரை ஆதாரமாக வைப்பார். இன்னொருவர் தன் மாமா ராணுவத்தில் இருக்கிறார், அவர் சொன்னார் என்பார். "மாமாவை ஸ்கேன் பண்ணி அனுப்புங்க" என்று பதில் போட்டுவிட்டு அடுத்த விண்ணப்பத்துக்குப் போய்விடுவேன். விளையாடுகிறவர்கள் எனக்கு வைத்த பெயர் ஸ்கேல் அக்கா. திட்டுவதற்காக வைத்தார்கள். எனக்கு அது பிடித்துப்போய்விட்டது.

'இரும்புத்தடம்' விளையாடாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அது டாங்கிச் சண்டை விளையாட்டு. மற்ற விளையாட்டுகளைப் போல நாலு அடி அடித்தால் வெடிக்கும் பொம்மை வண்டிகள் இதில் கிடையாது. ஒவ்வொரு வண்டிக்கும் எந்தத் தகடு எத்தனை மில்லிமீட்டர், எவ்வளவு சாய்வு, குண்டுகளை உள்ளே எங்கே அடுக்கியிருக்கிறார்கள் என்று எல்லாமே நிஜ அளவு. புது வண்டி வேண்டுமென்றால் விளையாடுகிறவர்களே விண்ணப்பம் போடலாம். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு ஆதாரங்கள் வேண்டும். சோதித்துப் பார்த்து ஒப்புதல் கொடுக்க என்னைப்போல் உலகம் முழுக்க முப்பது பேர். சம்பளம் கிடையாது. பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சை நட்சத்திரம் போடுவார்கள். அந்த நட்சத்திரத்துக்காக நான் கல்யாண வீடுகளுக்குப் போகாமல் இருந்திருக்கிறேன்.

பிழைப்புக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனை. வருகிற இரும்புத் தகட்டில் களிம்பைத் தடவி, மீட்டரை வைத்து அழுத்தி, தடிமன் சரியா என்று பார்ப்பது. ஆக, பகலில் நிஜத் தகடு, மற்ற நேரத்தில் விளையாட்டுத் தகடு. கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லையா என்று கேட்பவர்களிடம், அளவுக்குப் பொருந்துகிற ஆள் வரவில்லை என்பேன்.

எனக்கென்று இருப்பது தம்பி லோகேஷ் மட்டும்தான். அம்மா போனபோது அவனுக்குப் பதினோரு வயது. அதற்கப்புறம் நான்தான் எல்லாம். ராணுவத்தில் சேர்ந்து டாங்கி டிரைவர் ஆனான். அதற்கும் நான்தான் காரணம். சின்ன வயதில் அவனைப் பக்கத்தில் உட்காரவைத்துத்தானே இரும்புத்தடம் விளையாடினேன்?

போர் தொடங்கிய வருஷம் ராணுவத்துக்கு 'வேழம்-3' வந்தது. பழைய வேழத்தைப் புதுப்பித்த வண்டி. புது எஞ்சின், புது பீரங்கி. அதன் பக்கவாட்டுத் தகடுகள் எங்கள் தொழிற்சாலைக்குத்தான் சோதனைக்கு வந்தன. இடப்பக்கம் நாற்பத்தைந்து மில்லி. வலப்பக்கம் மூன்றாவது சக்கரத்துக்கு மேலே ஓரிடத்தில் மட்டும் இருபத்திரண்டு. புது எஞ்சினுக்குக் காற்றுக் குழாய் அந்த வழியாகப் போவதால் தகட்டை இழைத்துவிட்டார்கள். அதற்கு நேர் பின்னால் குண்டுகள். நான் குறிப்பு எழுதி அனுப்பினேன். வடிவமைப்பே அப்படித்தான், உங்கள் வேலை அளப்பது என்று பதில் வந்தது. அந்த அளவு ரகசியம், வண்டியில் உட்காருகிறவர்களுக்கே சொல்ல மாட்டார்கள்.

லோகேஷ் வேழம்-3க்கு மாற்றப்பட்ட செய்தியைச் சந்தோஷமாகச் சொன்னான். நான் நல்லது என்றேன். அதன் பிறகு ஒழுங்காகச் சாப்பிட்ட நாள் நினைவில்லை.

இரும்புத்தடம் விளையாடுகிற எங்கள் எல்லோருக்கும் ஒரு விஷயம் தெரியும், அதைச் சிரித்துக்கொண்டேதான் பேசுவோம். போர் தொடங்குவதற்கு முந்தின வருஷம் விளையாட்டுக் கம்பெனி ஏப்ரல் ஒன்றாம் தேதிக்காக இட்லிப் பானை வடிவத்தில் ஒரு டாங்கி விட்டது. ஆவி போகிற ஓட்டையில் சுட்டால் வெடிக்கும். சில மாதம் கழித்து எல்லையில் விழுந்த எதிரி டிரோன் ஒன்றின் மூளையைப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். அது அடிக்கத் தெரிந்துவைத்திருந்த வண்டிகளின் வரிசையில் இட்லிப் பானையும் இருந்தது. ஆவி ஓட்டையில் குறியும் போட்டிருந்தது. இரண்டு நாள் விழுந்து விழுந்து சிரித்தோம்.

சாதிக் பாய்தான் எனக்கு அதைப் புரியவைத்தார். சாதிக் பாட்சா, ஆம்பூரில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருப்பவர். பத்து வருஷமாக என் அணியில் விளையாடுகிறார், நேரில் பார்த்ததில்லை.

"டிரோனுக்கு யாரும் பாடம் நடத்துறதில்ல மேடம்" என்றார். "நிஜத்துல கத்துக்கொடுக்கணும்னா நிஜ டாங்கிய உடைக்கணும். நம்ம விளையாட்டுல ஒரு நாளைக்கு நாப்பது லட்சம் வண்டி உடையுது. எங்க அடிச்சா உடையும், எங்க அடிச்சா உடையாது, எல்லாம் கணக்கா கிடக்கு. அள்ளிக் கொடுத்தா போதும், தானா கத்துக்கும். பத்து நாளுக்கு ஒருதரம் புதுசா அள்ளுறாங்களாம்."

"நாம ஒரு நம்பர் தப்பாப் போட்டா?"

"அதுவும் தப்பாத்தான் கத்துக்கும். நீங்க இருக்கிற வரைக்கும் தப்பான நம்பர் எப்படி மேடம் உள்ள வரும்?"

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

ஜூன் மாதம் சாதிக் பாய் விண்ணப்பம் போட்டார். வேழம்-3. எட்டு மாத உழைப்பு. அணிவகுப்பில் எடுத்த போட்டோக்களில் நிழலை அளந்து, தகட்டு விளிம்பில் வெயில் விழுகிற அகலத்தை வைத்துத் தடிமனைக் கணக்குப் போட்டிருந்தார். இடப்பக்கம் நாற்பத்தி நாலு. வலப்பக்கம் மூன்றாவது சக்கரத்துக்கு மேலே, சுமார் இருபத்து மூன்று.

ஆம்பூரில் கல்யாண போட்டோ எடுக்கிற மனிதர், வெறும் நிழலை வைத்து, என் மீட்டர் காட்டியதற்கு ஒரு மில்லி பக்கத்தில் வந்துவிட்டார். இதற்கு நான் ஒப்புதல் கொடுத்தால் பத்தே நாளில் எல்லா டிரோனுக்கும் என் தம்பி உட்கார்ந்திருக்கிற வண்டியில் எங்கே அடிக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். நிராகரித்தால்? இவர் இல்லாவிட்டால் இன்னொருவர். இதே போட்டோக்கள் எல்லோரிடமும் இருக்கின்றன. என்றைக்காவது நான் பார்க்காத நேரத்தில், வேறு நட்சத்திரக்காரர் யாராவது சரி என்றுவிடுவார்.

காலி இடத்தை யாராவது நிரப்பத்தான் போகிறார்கள். அதை நானே நிரப்பிவிடலாம் என்று தோன்றியது.

"நிழல் ஆதாரம் ஆகாது" என்று ஒரே வரியில் சாதிக் பாயை நிராகரித்தேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சமையலறை மேஜையில் உட்கார்ந்து இரண்டு ஆதாரங்களைத் தயாரித்தேன். ஒன்று, பரிசோதனை அறிக்கை. எண்களெல்லாம் நிஜம், இடது வலது மட்டும் இடம் மாறியிருந்தன. இன்னொன்று பராமரிப்புக் கையேட்டின் ஒரு பக்கம். அதை மூன்று முறை ஜெராக்ஸ் எடுத்து, டீ டம்ளரை ஒருதரம் மேலே வைத்து எடுத்தேன். இத்தனை வருஷம் பொய்யான ஆதாரங்களைப் பிடித்தவளுக்கு எது பிடிபடாது என்று தெரியாதா? ராணுவ ரகசியத்தை வெளியிட்டால் ஜெயில். ராணுவத்தைப் பற்றிப் பொய்யை வெளியிட்டால் எந்தச் சட்டத்தில் பிடிப்பார்கள் என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டேன்.

நான் போட்ட முதல் விண்ணப்பம் அதுதான். வேழம்-3, இடப்பக்கம், மூன்றாவது சக்கரத்துக்கு மேல், இருபத்திரண்டு மில்லி. இன்னொரு நட்சத்திரக்காரர் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். ஸ்கேல் அக்காவின் விண்ணப்பம் என்பதால் ஒரு மணி நேரத்தில் தந்துவிட்டார்.

சாதிக் பாய் அன்றைக்கே பேசினார். திட்டுவார் என்று நினைத்தேன். போட்டோவைத் திருப்பி வைத்துப் பார்த்துவிட்டேன் போலிருக்கிறது, எட்டு மாதம் வீணாகியிருக்கும், நல்லவேளை காப்பாற்றினீர்கள் என்றார். கண்ணாடி மாற்ற வேண்டும் என்றும் சொன்னார். அந்த மனிதரின் கண் எனக்குத் தெரிந்ததிலேயே நல்ல கண்.

ஆகஸ்ட்டில் வேழம்-3 விளையாட்டில் வந்தது. லட்சக்கணக்கானவர்கள் இடப்பக்கமாகப் பார்த்துச் சுட்டு அதை வெடிக்கவைத்தார்கள். ஒவ்வொரு வெடிப்பும் எனக்கு நிம்மதியாக இருந்தது. கற்றுக்கொள்ளட்டும், நன்றாகக் கற்றுக்கொள்ளட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

செப்டம்பரில் ஓய்வுக்குப் பின்னால் வந்திருந்தபோது லோகேஷ் போன் பண்ணினான். டிரோன்கள் எல்லாம் இடப்பக்கமே வந்து அடிக்கின்றன, ஐந்து வண்டிகள் அடிபட்டுவிட்டன, ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை, தகட்டில் குழி விழுந்ததோடு சரி என்றான். அதில் ஒரு அடி அவன் வண்டிக்கு. காது மட்டும் ஒரு நாள் கேட்கவில்லையாம். நான் தொழிற்சாலைக் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து மிச்சத் தகடுகளை அளந்தேன். அந்த ஒரு மாதம்தான் நான் நன்றாகச் சாப்பிட்டேன்.

அக்டோபர் பதினாலாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று பத்துக்கு அவனிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. போர்முனையில் போன் வைத்திருக்கக் கூடாது. கியர் பெட்டி கெட்டுப்போய் அவன் வண்டி மட்டும் நாற்பது கிலோமீட்டர் பின்னால் பட்டறைக்கு வந்திருந்ததால் அனுப்ப முடிந்திருக்கிறது. வண்டிக்கு முன்னால் நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான். வண்டியின் இடப்பக்கம் முழுக்க இரும்புச் சங்கிலித் துண்டுகள்.

டாங்கியின் சக்கரங்களைச் சுற்றி ஓடுகிற சங்கிலிக்கு உதிரித் துண்டுகள் கொடுப்பார்கள். அதை இரண்டு பக்கமும் சரிபாதியாக மாட்டிவைப்பது வழக்கம். கூடுதல் கவசம் மாதிரி. போட்டோவில் இருபத்தாறு துண்டும் இடப்பக்கத்தில் இருந்தது. கீழே எழுதியிருந்தான்: "விளையாட்டுல உன் நம்பர் பார்த்தோம் அக்கா. இத்தனை அடி வாங்கியும் தப்பிச்சது அதிர்ஷ்டம்தான். வலது பக்கம் இருந்ததையும் கழட்டி இங்கயே மாட்டிட்டோம். பதினாலு வண்டிக்கும். இனி கவலைப்படாதே."

மீட்டரைக் கீழே வைத்தேன். இரும்புத்தடத்தில் முதல் நாள் விளையாட வருகிறவருக்கும் தெரிகிற பாடம் ஒன்று உண்டு. ஒரு பக்கம் சங்கிலித் துண்டு குவிந்திருந்தால் அங்கே சுட்டு வீணாக்காதே, சுற்றிக்கொண்டு மறுபக்கம் போ. நாற்பது லட்சம் வண்டிகளில் டிரோன் அதையும்தான் கற்றிருக்கும். இடப்பக்கத்தை இப்படி மூடினால் அது வலப்பக்கம் போகும். வலப்பக்கத்தில் இருபத்திரண்டு மில்லி, அதற்கு மேல் இருந்த துண்டுகளும் இப்போது இல்லை.

உடனே கூப்பிட்டேன். எடுத்தான். பின்னால் யாரோ சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"லோகு, அந்தச் சங்கிலியெல்லாம் கழட்டி வலது பக்கம் மாட்டு. இப்பவே."

"இன்னாக்கா நீ, இடது பக்கம்தான வீக்கு? நீதான போட்ட?"

"அது பொய். நான்தான் மாத்திப் போட்டேன். டிரோன் கெட்டியான பக்கமா வந்து அடிக்கட்டும்னு."

நான் விளக்க ஆரம்பித்தேன், வேண்டாம் என்றான். அவன் டிரைவர். அவனுக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது.

"அப்ப ரெண்டு மாசமா எங்களைக் காப்பாத்துனது நீதானா" என்றான்.

மற்ற வண்டிகளுக்குச் சொல், ரேடியோவில் சொல் என்றேன். பதின்மூன்றும் காலை ஐந்தரைக்கே கிளம்பிவிட்டன என்றான். ரேடியோவை அணைத்துவிட்டுத்தான் போவார்கள், பேசினால் டிரோன் மோப்பம் பிடித்துவிடும். சாயங்காலம் வரை யாரையும் கூப்பிட முடியாது. ஜீப்பில் ஆள் அனுப்பச் சொன்னேன். உப்பு மண், ஜீப் அச்சுவரை புதைந்துவிடும், சங்கிலி வண்டி மட்டும்தான் போகும் என்றான்.

"எங்க கமாண்டர் ஒத்துக்கலக்கா" என்றான். "ரெண்டு பக்கமும் சமமா இருக்கட்டும்னாரு. எங்கக்கா நம்பர் தப்பாதுன்னு நான்தான் சண்டை போட்டு மாட்டவெச்சேன். ஒரு வண்டிக்கு மூணு பேரு. முப்பத்தொம்போது பேரு."

கியர் பெட்டி மாட்டியாகிவிட்டது, வண்டியை எடுத்துக்கொண்டு போய்ச் சொல்லிவிடுகிறேன் என்றான். ஓட்டுவதற்கு டிரைவர் ஒருவன் போதும், ராத்திரி முழுக்க வேலை பார்த்துவிட்டுத் தூங்குகிற மற்ற இரண்டு பேரை எழுப்ப மாட்டேன் என்றான். முதலில் துண்டுகளை மாற்றிக்கொண்டு போ என்று கெஞ்சினேன். என் வாழ்நாளில் யாரிடமும் அப்படிக் கெஞ்சியதில்லை. மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இருபத்தாறு துண்டைக் கழற்றி மாட்ட மூன்று மணி நேரம் ஆகும் என்றான். அது எனக்கும் தெரியும்.

"வலது பக்கம் எத்தனை மில்லி?"

"இருபத்திரண்டு."

"தாங்குமா?"

தாங்கும் என்று சொல்லியிருக்கலாம். அவன் நிம்மதியாகப் போயிருப்பான். ஒரு பொய்யோடு இன்னொரு பொய், பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை. ஆனால் எனக்கு வாய் வரவில்லை.

"தாங்காது" என்றேன்.

"செரி." ஹெல்மெட்டை எடுக்கிற சத்தம் கேட்டது. "விளையாட்டுப் பக்கத்துல மாத்திப் போட்டுடுக்கா. வேற ரெஜிமெண்ட் பசங்களும் உன் நம்பரைப் பாக்குறாங்க. டிரோனுக்குத் தெரிய பத்து நாள் ஆகும்ல, பசங்க இன்னைக்கே பாத்துடுவாங்க. நான் வரேன்."

போகிறேன் என்று சொல்லக் கூடாது என்பதற்காக வரேன் என்று சொல்ல நான்தான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன். போனை அணைக்காமல் பட்டறையில் எங்கேயோ வைத்துவிட்டான். நான் கத்திக்கொண்டே இருந்தேன். எஞ்சின் கிளம்பியது. சத்தம் பெரிதாகி, பிறகு சிறிதாகிக்கொண்டே போனது.

போனைக் காதில் இடுக்கிக்கொண்டு கணினியில் வேழம்-3 பக்கத்தைத் திறந்தேன். இடது என்று இருந்ததை அழித்து வலது என்று அடித்தேன். திருத்தத்துக்குக் காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. நான் பொய் சொன்னேன், சாதிக் பாட்சா போட்டதுதான் சரி என்று எழுதினேன். இன்னொரு நட்சத்திரக்காரர் பார்த்துச் சரி என்று சொன்னால்தான் பக்கத்தில் ஏறும். காத்திருக்கிறது என்று திரையில் வந்தது.

போனில் யாரோ ஹலோ, ஹலோ என்றார். பட்டறையில் மெக்கானிக், பெயர் முனிரத்தினம், திருப்பத்தூர் பக்கம். போன் ரொம்ப நேரமாக எரிந்துகொண்டிருக்கிறதே என்று எடுத்தாராம். லோகேஷ் யாரிடமும் சொல்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான், ஏதாவது அவசரமா, நீங்கள் யார் என்று கேட்டார். அவன் அக்கா என்றேன்.

அவர் குரல் மாறியது. ரொம்ப நாளாக என்னிடம் பேச வேண்டும் என்று இருந்தாராம். அந்தக் கணக்கு போட்ட அக்கா நீங்கள்தானா, அடுத்த ரெஜிமெண்ட்டின் ஆறு வண்டிகள் இங்கே நிற்கின்றன, உங்கள் அளவை வைத்துத்தான் எல்லாவற்றையும் இடப்பக்கம் மாற்றிக்கொண்டிருக்கிறோம், பிள்ளைகள் தைரியமாக இருக்கிறார்கள் என்றார். அப்போதுதான் அந்தச் சுத்தியல் சத்தம் என்னவென்று எனக்குப் புரிந்தது.

நிறுத்தச் சொன்னேன். வலப்பக்கம்தான் மெல்லிசு, நான் போட்டது பொய், அத்தனையையும் வலப்பக்கம் மாட்டுங்கள் என்று ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னேன். என் அழுகையில் அவருக்குச் சரியாகக் கேட்டிருக்காது என்று மறுபடியும் சொன்னேன்.

அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். தம்பி போன பதற்றத்தில் பேசுகிறாள் என்று நினைத்திருக்க வேண்டும். கொஞ்சம் இருங்கள், பார்த்துச் சொல்கிறேன் என்று தன் போனில் வேழம்-3 பக்கத்தைத் திறந்தார். நான் திரையைப் பார்த்தேன். திருத்தம் இன்னும் காத்துக்கொண்டுதான் இருந்தது.

"பயப்படாதீங்கம்மா" என்றார் முனிரத்தினம். "இடதுன்னுதான் இருக்கு. ஆதாரம் ரெண்டும் பக்காவா இருக்கு. நீங்களே போட்டதுதாம்மா."

பின்னால் சுத்தியல் சத்தம் நிற்கவே இல்லை.